பந்து உள்ளேதான்யா இருக்கு!

கால்பந்து பற்றி எழுதினால் இந்தப் பக்கம் நாலு பேர்தான் எட்டிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கிரிக்கெட் பற்றி எழுதினால் நாற்பது பின்னூட்டம் விழும், அதில் இருபது எனக்குத் திட்டு. பரவாயில்லை. இது வயித்தெரிச்சல் பதிவு. கொட்டாம விட்டா தூக்கம் வராது.

போன வாரம் ஒரு நண்பர் மறுபடியும் அந்தப் படத்தை அனுப்பி வைத்தார். 2022 கத்தார் உலகக் கோப்பை, ஜப்பான் - ஸ்பெயின் ஆட்டம், மிதோமா காலை நீட்டிப் பந்தை உள்ளே இழுக்கிற அந்தப் படம். பந்துக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் பச்சைப் புல் தெரிகிறது. கீழே ஒரு வரி: "இதெல்லாம் கோலா? காசு வாங்கிட்டானுங்க!" இத்தனை வருஷம் ஆகியும் இந்தப் படம் சாகவே மாட்டேங்குது. உலகக் கோப்பை பேச்சு வரும்போதெல்லாம், கூடவே இதுவும் வந்து நிற்கிறது.

அந்த ஆட்டம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. 2022 டிசம்பர் 1, கலீஃபா மைதானம். 11-வது நிமிஷத்தில் மொராட்டா அடித்து ஸ்பெயின் முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு 48-வது நிமிஷத்தில் டோவான் சமன் செய்தார். மூணே நிமிஷம் கழித்து டோவான் கோல் முகத்துக்குக் குறுக்கே ஒரு பந்தைப் போட, அது எல்லாரையும் தாண்டி கோல் லைன் பக்கம் உருண்டு ஓட, மிதோமா விழுந்து புரண்டு அதைத் திருப்பி உள்ளே அனுப்ப, ஆவோ தனாகா வலைக்குள் தள்ளினார். பந்து கோட்டைத் தாண்டிவிட்டதா இல்லையா என்று வீடியோ நடுவர்கள் நெடுநேரம் பார்த்தார்கள். கடைசியில் தென்னாப்பிரிக்க நடுவர் விக்டர் கோமஸ் கோல் என்றார். ஜப்பான் 2-1.

அதே நேரத்தில் இன்னொரு மைதானத்தில் ஜெர்மனி கோஸ்டா ரிக்காவை 4-2 என்று அடித்து நொறுக்கியும் மூட்டை கட்டியது. கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜப்பான் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் ஆளுக்கு நாலு புள்ளி, கோல் வித்தியாசத்தில் ஜெர்மனி உள்ளே, ஜப்பான் வெளியே. நாலு முறை உலகக் கோப்பை ஜெயித்த அணியை வீட்டுக்கு அனுப்பியது சில மில்லிமீட்டர். ஜப்பான்காரர்கள் அதற்கு "மிதோமாவின் ஒரு மில்லிமீட்டர்" என்றே பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அதனாலதான் இத்தனை கூச்சல்.

கூச்சல் போடட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா விதியைப் படிச்சிட்டுப் போடுங்க சாமிகளா!

கால்பந்து விதிப் புத்தகத்தில் ஆஃப்சைடு விதியைப் படித்தால் மண்டை காயும். கைபட்ட விதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள். ஆனால் கோட்டு விதி இருக்கிறதே, அதில் குழப்பமே கிடையாது. முதல் விதி: கோடுகள் எந்தப் பகுதிக்கு எல்லையாக இருக்கின்றனவோ அந்தப் பகுதியைச் சேர்ந்தவை. அதாவது கோடும் மைதானம்தான். ஒன்பதாவது விதி: பந்து முழுசாக கோல் லைனையோ டச் லைனையோ கடந்தால்தான் வெளியே, தரையிலானாலும் சரி, காற்றிலானாலும் சரி. பத்தாவது விதி: கோலுக்கும் அதே கதைதான், முழுப் பந்தும் முழுக் கோட்டைத் தாண்டணும். அவ்வளவுதான். முழுப் பந்து, முழுக் கோடு. இதை உள்ளங்கையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

கோட்டின் அகலம் அதிகபட்சம் 12 செ.மீ. பந்தின் சுற்றளவு 68-லிருந்து 70 செ.மீ., அதாவது குறுக்களவு ஏறக்குறைய 22 செ.மீ. இப்போ கவனிங்க. பந்து உருண்டை. தரையில் உட்காரும்போது அதன் அடியில் ஒரு புள்ளிதான் புல்லைத் தொடும். அந்தப் புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் 11 செ.மீ. வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். அப்படியானால் பந்து புல்லைத் தொடுகிற இடம் கோட்டின் வெளி ஓரத்திலிருந்து பத்து செ.மீ. தள்ளி இருந்தாலும் பந்தின் தொப்பை இன்னும் கோட்டுக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருக்கிறது. பந்து உள்ளேதான். நடுவில் பச்சைப் புல் தெரிகிறதே என்றால், தெரியத்தான் செய்யும்!

நம்பிக்கை இல்லையென்றால் சமையலறைக்குப் போய் ஒரு ஆரஞ்சுப் பழம் எடுத்து வாருங்கள். தரையில் இரண்டு டைல்ஸ் சேருகிற கோடு இருக்குமே, அதிலிருந்து ஒரு விரல்கடை தள்ளி வையுங்கள். பழத்துக்கு நேர் மேலே தலையை வைத்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பழம் கோட்டை மறைக்கும். இப்போ நாலடி பின்னால் போய், கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்து தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். கோட்டுக்கும் பழத்துக்கும் நடுவில் இடைவெளி பளிச்சென்று தெரியும். அப்படியே அந்தப் பக்கம் போய்ச் சாய்வாகப் பாருங்கள், பழம் கோட்டின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். பழம் நகரவே இல்லை. நகர்ந்தது நீங்கள். (வீட்டில் இதைச் செய்யும்போது யாராவது பார்த்தால் நான் பொறுப்பல்ல. எங்கள் வீட்டில் "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டார்கள்.)

நண்பர் அனுப்பிய படம் மைதானத்துக்கு உள்ளேயிருந்து சாய்வாக எடுத்தது. மேலேயிருந்து ஒரு செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் எடுத்த படமும் இருக்கிறது. அதில் பந்தின் ஓரம் கோட்டின் ஓரத்தைக் கவ்விக்கொண்டிருப்பது தெரியும். மறுநாள் ஃபிஃபாவும் கோல் லைன் கேமரா காட்சிகளை வைத்து விளக்கம் கொடுத்தது, மற்ற கேமராக்கள் தப்பாகக் காட்டலாம், இருக்கிற ஆதாரப்படி பந்து முழுசாக வெளியே போகவில்லை என்று. ஆனால் அந்த விளக்கம் அந்த ராத்திரியே திரையில் வந்திருக்க வேண்டும். கூரை நிறைய கேமரா மாட்டி, பந்துக்குள்ளே சில்லு வைத்து, இத்தனையும் செய்துவிட்டு, பார்க்கிறவனுக்கு ஒரே ஒரு நேர்க்கோணத்தை உடனே காட்டத் தோன்றவில்லை பாருங்கள், அங்கேதான் எனக்கும் கோபம். ஒரு நாள் இடைவெளி விட்டால் போதும், வதந்தி ஊரைச் சுற்றி வந்துவிடும். ஆனால் காட்டாதது குற்றம் என்பது வேறு, காசு வாங்கினார்கள் என்பது வேறு.

நம்ம ஊர் ஆட்களுக்கு இது ஏன் ஏறமாட்டேங்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாம் எல்லாரும் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் பந்து கயிற்றைத் தொட்டாலே நாலு. தொட்டால் போச்சு, அதுதான் நம் ரத்தத்தில் ஊறிய எல்லை. ஆனால் அங்கே காற்றில் எல்லை கிடையாது. பந்து கயிற்றுக்கு மேலே பறந்துபோய் இன்னும் தரை தொடாமல் இருந்தால், உள்ளேயிருந்து எம்பிய ஃபீல்டர் தட்டி உள்ளே போட்டுவிடலாம். கால்பந்தில் இரண்டுமே தலைகீழ். கோட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் காற்றில் சுவர் இருக்கிறது. கோட்டின் வெளி ஓரத்திலிருந்து வானம் வரைக்கும் ஒரு கண்ணாடிச் சுவர் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கார்னர் கிக் வளைந்து வெளியே போய் மறுபடி உள்ளே வந்து தலைக்குச் சரியாக இறங்கினாலும் செல்லாது, அந்தச் சுவரை முழுசாகத் தாண்டிய கணத்திலேயே பந்து செத்துப்போச்சு. டென்னிஸில் கோடு உள்ளே. பாஸ்கெட்பாலில் கோடு வெளியே. ரக்பியிலும் வெளியே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சட்டம். ஒன்றின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைப் பார்த்துவிட்டு "ஏமாத்திட்டான்" என்றால் எப்படி?

சரி, "விதி புரிஞ்சுது, ஆனா சில மில்லிமீட்டருக்காக ஸ்பெயினுக்கு அநியாயம் பண்ணிட்டாங்களே" என்று ஒரு கோஷ்டி. இவங்களுக்குத்தான் இந்தப் பதிவே.

கோட்டு விஷயத்தில் ஸ்பெயினுக்கு நடந்த நிஜமான அநியாயம் எது தெரியுமா? 2002 ஜூன் 22. குவாங்ஜு. தென்கொரியாவுடன் காலிறுதி. தொண்ணூறு நிமிஷமும் கோல் இல்லை, கூடுதல் நேரம் தொடங்கியாச்சு. அப்போது கோல்டன் கோல் முறை இருந்தது, யார் முதலில் அடித்தாலும் ஆட்டம் முடிஞ்சது. ஹோக்கீன் வலப்பக்கம் கோல் லைன் வரை ஓட்டிப்போய்ப் பந்தைத் தூக்கிப் போட்டார். மொரியெந்தஸ் தலையால் முட்டினார். வலைக்குள் போனது. ஸ்பெயின் அரையிறுதியில். ஆனால் லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கிவிட்டார், ஹோக்கீன் போடும் முன்பே பந்து கோட்டைத் தாண்டிவிட்டதாம். ரீப்ளேயில் பார்த்தால் பந்து தாண்டவே இல்லை. "சில மில்லிமீட்டர்" பஞ்சாயத்துக்கே இடமில்லாத அளவுக்கு உள்ளே. எகிப்து நடுவர் கமால் அல்-கந்தூர் கொடியை நம்பினார். ஆட்டம் பெனால்டிக்குப் போய், ஸ்பெயின் 5-3 என்று தோற்றது. பெனால்டி தவறவிட்டவர் யார்? அதே ஹோக்கீன்தான். பாவம் அந்த மனுஷன்.

இந்த இரண்டு ஆட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2002-ல் பந்து உள்ளே இருந்தது, வெளியே என்று சொல்லி ஆட்டத்தைக் கொன்றார்கள். 2022-ல் பந்து உள்ளே இருந்தது, வலைக்குள் போகும்வரை ஆட்டத்தை ஓடவிட்டுப் பிறகு சோதித்தார்கள். இருபது வருஷத்தில் கால்பந்து ஒரு நல்ல பாடம் கற்றிருக்கிறது என்றால் அது இதுதான். நாம் அந்த நல்லதைத் திட்டிக்கொண்டிருக்கிறோம், கெட்டதை மறந்துவிட்டோம்!

ஏன் சொல்றேன்னா, கோட்டு விஷயத்தில் இரண்டு தப்பும் ஒரே எடை கிடையாது. வெளியே போன பந்தை விட்டுவிட்டால், ஆட்டம் தொடர்கிறது. தடுக்கிறவனுக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது, கோல்கீப்பர் இருக்கிறார், இப்போது மேலே வீடியோ நடுவரும் இருக்கிறார். கோல் விழுந்தால் திரும்பிப் பார்த்து ரத்து செய்யலாம். ஆனால் உள்ளே இருந்த பந்துக்கு விசில் அடித்துவிட்டால்? தீர்ந்தது. விசில் சத்தம் கேட்டதும் பந்து செத்தது. அதற்குப் பிறகு வலைக்குள் போனதை எந்த வீடியோவும் உயிர்ப்பிக்க முடியாது. மொரியெந்தஸ் முட்டும்போது கொரியத் தடுப்பாளர்கள் முழு மூச்சோடு தடுத்தார்களா, கொடியைப் பார்த்துவிட்டு நின்றார்களா என்று யாரும் இன்றைக்குச் சொல்ல முடியாது. அந்த நொடி போனது போனதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், சந்தேகம் என்றால் கொடி கீழே. "முழுப் பந்து முழுக் கோடு" என்கிற விதியின் உள்ளர்த்தமே அதுதான். எங்கேயோ ஒரு இடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். கிழித்தவர்கள் ஆட்டத்தின் பக்கம் சாய்ந்து கிழித்திருக்கிறார்கள், கடைசி மில்லிமீட்டர் வரை பந்து உயிரோடு இருக்கட்டும் என்று. கோட்டோரம் விழுந்து புரண்டு ஓடுகிறவனுக்கு விதி கொடுக்கிற சன்மானம் அது. மிதோமா ஓடியதற்குக் கூலி வாங்கினார்.

லைன்ஸ்மேன் வேலை எவ்வளவு கொடுமை என்று மைதானத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். டச் லைனைக் கேட்டால் சுலபம், அவர் அதன் மேலேயே ஓடுகிறார், கோட்டோடு கோடாகப் பார்வை. கோல் லைன்தான் வில்லங்கம். ஆஃப்சைடு பார்க்க அவர் கடைசிக்கு முந்தின தடுப்பாளருக்கு நேராக நிற்க வேண்டும். கோல் லைனைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் கார்னர் கொடியில் நிற்க வேண்டும். ஒரே ஆள் இரண்டு இடத்தில் நிற்க முடியுமா? தடுப்பாளர்கள் பதினைந்து மீட்டர் முன்னால் நிற்கிறபோது ஒருத்தன் பந்தைக் கோல் லைன் வரை தள்ளிக்கொண்டு ஓடினால், இவர் பின்னாலேயே ஓடி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, சாய்வான கோணத்தில், நம் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்த மாதிரி பார்க்கிறார். அந்தக் கோணம் எப்போதும் பந்து வெளியே போன மாதிரிதான் காட்டும். மைதானத்துக்கு உள்பக்கமிருந்து பார்க்கிறார் இல்லையா, அதனால். 2002-ல் கொடி தூக்கியவரைக்கூட நான் திருடன் என்று சொல்லமாட்டேன். கண் அப்படித்தான் காட்டும். கண் அப்படிக் காட்டும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு கையைக் கட்டுப்படுத்துவதுதான் அந்த வேலையே.

நானும் வார இறுதி ஆட்டங்களில் கொடி பிடிச்சிருக்கேன். சும்மா, ஆள் கிடைக்காதபோது. சுண்ணாம்புப் பொடி தூவிப் போட்ட கோடு, முதல் அரை மணி நேரத்திலேயே பாதி காணாமல் போயிருக்கும். மீதிப் பாதி பாம்பு மாதிரி நெளியும். ஒருமுறை ஒரு பையன் கோல் லைனில் பந்தைக் காப்பாற்றி உள்ளே போட்டான், அடுத்தவன் அடித்தான், கோல். நான் கொடி தூக்கவில்லை, பந்தின் ஓரம் சுண்ணாம்புக்கு மேலே இருந்தது. தோற்ற பக்கத்து ஆட்கள் கோட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்று மீதி ஆட்டம் முழுக்க என் குடும்பத்தாரை விசாரித்தார்கள். "கண்ணு தெரியலைன்னா கண்டக்டர் வேலைக்குப் போடா" என்று ஒரு பெரியவர். ஐயா, கண்டக்டருக்கும் கண் வேணும்! சிரிப்பாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பக்கம் விசில் பிடித்துக்கொண்டிருந்தவனுக்குப் பத்தொன்பது வயசு. அதற்குப் பிறகு அவன் நடுவராக வரவே இல்லை. டிவியில் ஒரு சாய்வுப் படத்தைப் பார்த்துவிட்டு "காசு வாங்கிட்டான்" என்று அனுப்புகிறீர்களே, அதே வார்த்தையைத்தான் ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அந்தப் பையன் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்.

இப்போ அடுத்த கோஷ்டி. "எல்லாத்துக்கும் மெஷின் வெச்சிட்டா பிரச்சினை தீர்ந்தது" என்கிற கோஷ்டி.

கோலுக்கு மெஷின் வேணும், சந்தேகமே இல்லை. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போகும். கோட்டின் உள் ஓரத்தைத் தொடுவதிலிருந்து வெளி ஓரத்தை முழுசாகத் தாண்டும்வரை பந்து போக வேண்டியது 34 செ.மீ. அதற்கு ஆகிற நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு சொச்சம். கண் சிமிட்டுவதற்குள் பந்து போய், திரும்பியும் வந்துவிடும். 1966 இறுதிப்போட்டியில் 101-வது நிமிஷம் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்து வெளியே வந்ததே, சுவிஸ் நடுவர் டீன்ஸ்ட் ஓடிப்போய் லைன்ஸ்மேன் பாக்ரமோவைக் கேட்டார், அவர் தலையாட்டினார், கோல். தொண்ணூறுகளில் ஆக்ஸ்ஃபோர்டு பொறியாளர்கள் இரண்டு பேர் அந்தப் படச்சுருளை அளந்து பார்த்துப் பந்து முழுசாகத் தாண்டவில்லை என்றார்கள். பாக்ரமோவ் பெயரில் இன்றைக்கும் பாக்குவில் ஒரு மைதானம் இருக்கிறது. ஜெர்மன்காரர்கள் அந்த மாதிரி கோலுக்கே வெம்ப்ளி கோல் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கடன் 2010-ல் திரும்பியது. ப்ளூம்ஃபோன்டீனில் லாம்பார்டு அடித்தது கம்பத்தில் பட்டு கோட்டுக்கு நல்லா உள்ளே விழுந்தது, உலகமே பார்த்தது, நடுவர் லாரியோண்டாவும் லைன்ஸ்மேனும் தவிர. அதுவரை மெஷினே வேண்டாம் என்று அடம்பிடித்த ஃபிஃபா தலைவர் பிளாட்டர் மன்னிப்புக் கேட்டார். 2012-ல் அனுமதி. 2014 உலகக் கோப்பையில் பிரான்ஸ் - ஹோண்டுராஸ் ஆட்டத்தில் முதல் தடவையாக மெஷின் சொன்ன கோல். 2019 ஜனவரியில் லிவர்பூல் பந்தை ஜான் ஸ்டோன்ஸ் கோட்டிலிருந்து வெட்டி எடுத்தபோது, இன்னும் 11.7 மி.மீ. போயிருந்தால் கோல் என்று மெஷின் சொன்னது. அந்த வருஷம் மான்செஸ்டர் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97. மனுஷக் கண்ணால் இது நடக்குமா? நடக்காது. ஒத்துக்கறேன்.

ஆனால் மெஷினைக் கும்பிடாதீர்கள். 2020 ஜூன் 17, ஆஸ்டன் வில்லா - ஷெஃபீல்டு யுனைடெட். வில்லா கோல்கீப்பர் நைலாண்ட் பந்தைப் பிடித்தபடியே பின்னால் சரிந்து கம்பத்தைத் தாண்டி வலைக்குள்ளேயே போய்விட்டார். நடுவர் தன் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார், அது அதிரவே இல்லை. ஏழு கேமராவையும் கீப்பரும் தடுப்பாளரும் கம்பமும் சேர்ந்து மறைத்துவிட்டதாம். நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. மேலே உட்கார்ந்திருந்த வீடியோ நடுவர் வாயே திறக்கவில்லை. ஆட்டம் 0-0. வருஷக் கடைசியில் வில்லா 35 புள்ளியோடு தப்பித்தது, 34 புள்ளியோடு போர்ன்மத் கீழே இறங்கியது. அந்த ஒரு கோல் விழுந்து வில்லா தோற்றிருந்தால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கோல் வித்தியாசத்தில் இறங்கியிருக்க வேண்டியது வில்லா. மைதானத்தில் இருந்தவர்களுக்குக் கண்ணால் தெரிந்ததை மெஷின் இல்லை என்றதால் யாரும் நம்பத் தயாராக இல்லை. மெஷின் வந்தபிறகு வந்த புது வியாதி இது.

அதோடு, அந்த மெஷின் இரண்டு கம்பத்துக்கு நடுவில் உள்ள 7.32 மீட்டரைத்தான் முறைப்படி காவல் காக்கிறது. மீதி கோல் லைன், இரண்டு டச் லைன் எல்லாம் மனுஷக் கண்ணும், எங்கே கேமரா இருக்கிறதோ அங்கேயிருந்து வரும் படமும்தான். 2023 நவம்பரில் நியூகாசில் - அர்செனல் ஆட்டத்தில் இதே மிதோமா கதைதான், வில்லாக் கோட்டோரம் காப்பாற்றிய பந்து கடைசியில் கார்டன் காலில் கோலாகியது. பந்து வெளியே போனதா என்று பார்க்கச் சரியான கோணமே இல்லை. வெளியே என்று நிரூபிக்க முடியாததால் கோல் நின்றது. அர்டெட்டா கொதித்தார், அவமானம் என்றார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்று என்ன? தெரியவில்லை, ஆகவே வெளியே என்று சொல்லலாமா? தெரியவில்லை என்றால் ஆட்டம் தொடரும், அதுதான் சரி. என் கேள்வி வேறு. உலகத்திலேயே பணம் கொழிக்கிற லீகில், கோல் லைன் முழு நீளத்துக்கும் நேராகப் பார்க்க இரண்டு முனையிலும் ஒரு கேமரா வைக்க எவ்வளவு ஆகும்? ஒரு ஆட்டக்காரரின் ஒரு வாரச் சம்பளம் ஆகுமா? அதைக் கேளுங்கப்பா, நான் உங்க கூட வந்து கத்தறேன்.

கடைசியாக ஒரு மேதாவி கோஷ்டி. "விதியை மாத்திடலாம், பந்து புல்லைத் தொடுகிற இடம் கோட்டைத் தாண்டினால் வெளியே, சுலபமா இருக்குமே" என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. காற்றில் வரும் பந்துக்கு எந்தப் புள்ளி? கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு மேலேயே சுழலும் பந்துக்கு? கீப்பர் நெஞ்சோடு அணைத்திருக்கும் பந்துக்கு? பந்தின் அடிப்புள்ளியை எந்தக் கேமரா பார்க்கும், அதைப் பந்தே அல்லவா மறைக்கிறது! ஓரமாவது மேலேயிருந்து பார்த்தால் தெரியும். அப்படியே மாற்றினாலும், அன்றைக்கு மிதோமாவின் ஒரு மில்லிமீட்டர் என்றவர்கள் நாளைக்கு வேறு யாருடைய ஒரு மில்லிமீட்டரையோ பிடித்துத் தொங்குவார்கள். கோட்டைப் பத்து செ.மீ. தள்ளிப் போட்டால் சண்டையும் பத்து செ.மீ. தள்ளி நடக்கும், அவ்வளவே.

பெனால்டி பாக்ஸ் கோடு பற்றியும் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கோட்டு மேலே நடந்த ஃபவுல் பெனால்டிதான், ஏன்னா அந்தக் கோடு பாக்ஸைச் சேர்ந்தது. "கோட்டு மேலதான், அதனால ஃப்ரீ கிக்" என்று வர்ணனையாளர்களே உளறுகிறார்கள். கீப்பர் பாக்ஸுக்கு வெளியே நின்றாலும் பந்து உள்ளே இருந்தால் கையால் தொடலாம், அதிலும் கால் எங்கே இருக்கிறது என்று பார்க்கிற ஜாதி ஒன்று உண்டு. நடுக்கோடு இன்னும் வேடிக்கை, ஆஃப்சைடுக்கு அது எதிராளி பாதியில் சேர்த்தி கிடையாது, அதன் மேல் நின்றால் ஆஃப்சைடு இல்லை. ஆனால் மணி பன்னிரண்டு ஆகிவிட்டது, டைல்ஸ் மேல் இருந்த ஆரஞ்சை யாரோ உரித்துத் தின்றுவிட்டார்கள். அதெல்லாம் தனிப் பதிவாகப் போடுகிறேன்.

2002 ஆட்டத்தை அந்தக் காலத்திலேயே நேரலையில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், கொரியத் தடுப்பாளர்கள் கொடியைப் பார்த்து நின்றார்களா இல்லையா? எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.